கவர்னரும் நீர்ப்பாய்ச்சியும்

சரித்திரப் பரீட்சைக்குப் படித்த எவருக்கும் கவர்னர்களின் ஜாபிதா என்றால் இலேசாகத் தலை வலிக்கும். இன்னார் இந்த வருஷம் வந்தார், இன்னார் அந்த வருஷம் போனார், அவருக்குப் பின் இன்னார் பதவி ஏற்றார் என்று ஒரே வரிசை. ரயில்வே அட்டவணையாவது வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லும். இந்த ஜாபிதா அதையும் சொல்வதில்லை.

ஆயினும் அந்த வரிசையை அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், ஒரு கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. கோட்டை வாசலில் நின்று பார்க்கிறவனுக்குக் கவர்னரின் குதிரை வண்டியும் துப்பாக்கி மரியாதையும் தெரியும். கண்மாய்க் கரையில் நிற்கிறவனுக்கு அவை தெரியா. அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "வந்தவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?"

அந்தச் சீமையை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. அது வானம் பார்த்த பூமி. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு; வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அது மணல் ஓடும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, கால்களில் நீர் ஓடி, கண்மாய்கள் நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும். திருச்சுழியில் பூமிநாதர் கோயில் உண்டு. 1879இல் அந்த ஊரில் பிறந்த வேங்கடராமன் என்ற பிள்ளையைத்தான் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது. பக்கத்தில் பாலவநத்தம். அந்த ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். மழை குறைவாக இருந்தாலும் மனிதர்களுக்குக் குறைவில்லாத சீமை என்பதை இதனால் அறியலாம்.

இந்தச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தில் ஓர் உத்தியோகம் உண்டு. அதற்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். கண்மாயில் கிடக்கிற நீரை எந்த மடை வழியாக, எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம் விடுவது என்பதைப் பார்த்துச் செய்கிறவர் அவர். நீர்ப்பாய்ச்சிக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாமல் இருப்பதே நல்லது என்று பல ஊர்களில் கருதினார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் அல்லவா? அவருக்குக் கூலி, அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் தானியம். இப்படிக் கிராமத்து ஊழியர்களுக்குக் களத்தில் கொடுத்த பங்குக்குப் பழைய கணக்குகளில் வழங்கிய பெயர் 'சுதந்திரம்' என்பது. பெயர் பொருத்தமானதுதான். ஊரார் அளந்து கொடுப்பதால் நீர்ப்பாய்ச்சி ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நீரை ஓரவஞ்சனையாக விட்டால் களத்தில் கேள்வி பிறக்கும்.

நிலமில்லாத நடுநிலைமை ஒன்று. களத்தில் பதில் சொல்லும் கடமை ஒன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நமது கவர்னர்களின் ஜாபிதாவுக்குள் புகுவோம்.

* * *

கம்பெனி நாளில் சென்னைக் கவர்னர் பதில் சொல்ல வேண்டிய இடம் லண்டனில் இருந்த டைரக்டர்கள் சபை. பல கடல் தாண்டிய இடம். கடிதம் போய் மறுமொழி வருவதற்குள் வருஷம் ஒன்று கழிந்துவிடும். ஆகவே சில சமயம் கவர்னரைக் கேள்வி கேட்கும் வேலையை அவருடைய ஆலோசனைச் சபையாரே எடுத்துக்கொண்டார்கள். 1776 ஆகஸ்டில் பிகட் பிரபு என்ற கவர்னரை அவருடைய சபையாரே கைது செய்து காவலில் வைத்தார்கள். தஞ்சாவூர் ராஜ்யத்தைப் பற்றிய தகராறு அது. மறு வருஷம் மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். கவர்னரைச் சிறையில் தள்ளியவர்களும், அவருக்காகப் பரிந்தவர்களும், பின்னர் விசாரணை நடத்தியவர்களும் எல்லாரும் வெள்ளைக்காரர்களே. தஞ்சாவூர்க் குடியானவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குச் சுமார் இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோட்டையின் கை நமது வறண்ட சீமையின் மேலேயே விழுந்தது. திருச்சுழிப் பக்கமெல்லாம் அப்போது சேதுபதிகளின் நாடு. ஹோபர்ட் பிரபு கவர்னராக இருந்த 1795ஆம் வருஷத்தில், முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனியார் பிடித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ராஜ்யத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த அரசர் மீண்டும் இராமநாதபுரத்தைக் காணவில்லை. 1809இல் சென்னையில் கைதியாகவே காலமானார். 1803இல் அவருடைய தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாருக்குக் கம்பெனியார் ஜமீன்தாரிணி என்று பட்டயம் கொடுத்தார்கள். நாடு ஜமீன் ஆயிற்று. ராணி பேஷ்குஷ் கட்டுகிறவர் ஆனார்.

சேதுபதிகள் அனைவரும் தர்மபுத்திரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கண்மாய் உடைந்தால் 'மகாராஜா' என்று முறையிட, நடந்து போகும் தூரத்தில் ஓர் அரண்மனை வாசல் இருந்தது. 1795க்குப் பிறகு முறையீட்டுக்கு உரிய இடம் முதலில் கலெக்டர் கச்சேரிக்கும், அங்கிருந்து சென்னைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் விலகிக்கொண்டே போயிற்று. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா என்று தனி ஜில்லா ஏற்பட்டது. அதன் கலெக்டர் கச்சேரிகூட நெடுங்காலம் மதுரையில்தான் நடந்தது! ஜில்லா ஓரிடம், கலெக்டர் வேறிடம். 1985இல் ஜில்லா மூன்றாகப் பிரிந்து விருதுநகர் தலைநகரான பிறகே அருப்புக்கோட்டைக்காரர் தம் கலெக்டரைப் பக்கத்து ஊரில் பார்க்க முடிந்தது.

மேலே இருப்பவருக்கு மட்டும் பதில் சொல்லும் கவர்னர் நல்லவராகவே இருந்தாலும் என்ன ஆகிறது என்பதற்குத் தாது வருஷப் பஞ்சமே சாட்சி. 1876இல் மழை பொய்த்தது. தென்னாட்டில் லட்சக்கணக்கானவர் மடிந்தார்கள். அப்போது சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. சென்னைக் கடற்கரையோரத்துக் கால்வாய்க்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறது. பஞ்ச நிவாரணத்துக்குத் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும் என்பது அவருடைய சர்க்காரின் கட்சி. வைஸ்ராய் லிட்டன் பிரபுவோ, செலவு மிஞ்சிவிடும் என்று 1877இல் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பினார். நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான விலையும் சிறிது காசும் போதும் என்று அவர் குறைத்துவிட்டார். பகலெல்லாம் கல்லுடைக்கிற மனிதனுக்கு ஒரு ராத்தல்! சென்னைச் சர்க்காரின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்பவரே இந்த அளவு உயிர் தரிக்கப் போதாது என்று வாதாடினார். கவர்னருக்கு இரக்கம் இருந்தது. அதிகாரத்தின் நுனியோ வேறு கையில் இருந்தது. பட்டினி கிடந்தவன் கணக்குக் கேட்கக்கூடிய களம் எங்கும் இல்லை.

* * *

நமது தேசிய இயக்கம் கவர்னர் பதவியைப் பற்றிச் சும்மா இருக்கவில்லை. 1934இல் முகம்மது உஸ்மானும் 1936இல் கே. வி. ரெட்டி நாயுடுவும் சில மாதங்கள் தற்காலிகக் கவர்னர்களாக அமர்ந்தார்கள். நாற்காலியில் இந்தியர் உட்கார்ந்தது ஒரு மாறுதல்தான். ஆனால் நாற்காலியின் கால்கள் லண்டனிலேயே ஊன்றியிருந்தன.

1937இல் நடந்த தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெருவெற்றி அடைந்தது. சாத்தூர்ப் பகுதியிலிருந்து காமராஜ் என்ற விருதுநகர் வாலிபர் முதன்முறையாகச் சட்டசபைக்கு வந்தது அப்போதுதான். வென்ற கட்சி உடனே மந்திரி சபை அமைக்கவில்லை. கவர்னர் தமது விசேஷ அதிகாரங்களைக் காட்டி மந்திரிகளின் அன்றாட வேலையில் குறுக்கிடுவதில்லை என்று வாக்குறுதி வேண்டும் என்றார்கள். எர்ஸ்கின் பிரபு கவர்னர். மாதங்கள் கழிந்தன. ஜூலை மாதத்தில்தான் ராஜாஜி மந்திரி சபை பதவி ஏற்றது. ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் வேலையில், வோட்டுக் கேட்காத ஒருவர் எந்த அளவு கை வைக்கலாம் என்பதே அன்றைய வழக்கு. 1939இல் அந்த மந்திரி சபை விலகியதும் 1946 வரை கவர்னரே தனியாட்சி நடத்தினார். வழக்கு தீராமலே இருந்தது.

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையார் இந்த வழக்கை மறுபடி எடுத்தார்கள். வாசகர்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடும்: 1947 ஜூலையில் அந்தச் சபையார் செய்த முதல் தீர்மானம், கவர்னரை மாகாண ஜனங்களே நேரில் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. ஸர்தார் படேல் தலைமையில் இருந்த கமிட்டியின் சிபாரிசு அது. பிறகு யோசனை வளர்ந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த முதல் மந்திரி ஒருவர், ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவர்னர் ஒருவர் என்று இருந்தால் ஒரே உறையில் இரண்டு கத்தி ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. 1949 மே மாதக் கடைசியில், கவர்னரை ஜனாதிபதி நியமிப்பது என்று சபை முடிவு செய்தது. தேர்தல் வேண்டாம் என்று நேருவும் பேசினார். வெளி மாகாணத்திலிருந்து, கட்சிச் சச்சரவில் ஒட்டாத பெரியவர் ஒருவர் வந்தால் நடுநிலைமையாக இருப்பார் என்று எண்ணினார்கள்.

நமது நீர்ப்பாய்ச்சியின் முதல் லட்சணம் இதுதானே? ஆயக்கட்டில் நிலமில்லாதவர் வேண்டும். சபையார் அதைச் சரியாகவே பிடித்தார்கள். இரண்டாவது லட்சணத்தைத்தான் கோட்டை விட்டார்கள்.

அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 159ஆம் ஷரத்துப்படி கவர்னர் செய்யும் பிரமாணம், அந்த ராஜ்யத்து ஜனங்களின் சேவைக்கும் நலத்துக்கும் தம்மை அர்ப்பணிப்பதாக. 156ஆம் ஷரத்துப்படி அவர் பதவி ஐந்து வருஷம் என்றாலும் ஜனாதிபதி விரும்பும் வரையில்தான். ஜனாதிபதியின் விருப்பம் என்பது மத்திய மந்திரி சபையின் விருப்பம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சம்பளம் ராஜ்யத்தின் கஜானாவிலிருந்து போகிறது. ஆனால் 202, 203ஆம் ஷரத்துக்கள், அந்தச் செலவைச் சட்டசபையின் வோட்டுக்கு விட வேண்டாம் என்கின்றன. அதாவது, சத்தியம் ஊராருக்கு, கூலி ஊரார் களத்திலிருந்து. வேலையில் வைப்பதும் நீக்குவதும் வேறூர்க்காரர். எந்தக் கண்மாயிலாவது இப்படி ஒரு நீர்ப்பாய்ச்சியை வைப்பார்களா என்று திருச்சுழிக் குடியானவரைத்தான் கேட்க வேண்டும்.

* * *

1948இல் கடைசி ஆங்கிலக் கவர்னர் ஸர் ஆர்ச்சிபால்ட் நை விடைபெற்றதும், பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜி சென்னைக்கு வந்தார். தமது சமஸ்தானத்தைப் பாரதத்தோடு சேர்த்து, ஆட்சியை ஜனங்களிடம் ஒப்புவித்த மன்னர் அவர். 1952இல் காசியின் ஸ்ரீ பிரகாசா. 1956இல் ஏ. ஜே. ஜான், மறு வருஷம் அவர் பதவியிலேயே காலமானார். அப்போது ஹைக்கோர்ட் பிரதம நீதிபதி ராஜமன்னார் சில மாதம் கவர்னர் வேலையையும் பார்த்தார். 1958இல் அஸ்ஸாமின் முதல் மந்திரியாக இருந்த விஷ்ணுராம் மேதி. 1964இல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார். சங்கீத ரசிகர்கள் அவரைக் கீர்த்தனங்கள் இயற்றியவராகவும் அறிவார்கள். 1966இல் ஸர்தார் உஜ்ஜல் சிங். 1971இல் கே. கே. ஷா. இப்படி வரிசை நீளுகிறது. இவர்களில் பலர் படிப்பாளிகள், தியாகிகள், பண்பாளர்கள். அதில் சந்தேகமில்லை.

1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை காமராஜ் முதல் மந்திரி. அந்த ஒன்பதரை வருஷத்தில் கவர்னர்கள் மாறினார்கள். நாட்டில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது, பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு வந்தது, வைகைக்கு அணை வந்தது. யார் கவர்னர் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அந்த மறதி ஒரு நல்ல அடையாளம். நீர் ஒழுங்காகப் பாய்கிற ஊரில் நீர்ப்பாய்ச்சியின் பெயர் அடிபடுவதில்லை.

இன்னொரு விந்தையும் அக்காலத்தில் நடந்தது. 1949இல் இராமநாதபுரம் ஜமீன் சர்க்கார் வசமாயிற்று. 1952 தேர்தலில் சேதுபதி வம்சத்து ராஜா ஷண்முக ராஜேஸ்வர சேதுபதி வீதி வீதியாக ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு, ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். பின்னர் காமராஜ் மந்திரி சபையிலும் இடம் பெற்றார். 1795இல் யாரையும் கேட்காமல் தூக்கி எறியப்பட்ட சிம்மாசனத்தின் வாரிசு, குடிகளைக் கேட்டுப் பதவிக்கு வந்தார். அதே தேர்தலுக்குப் பின் கவர்னர் ஸ்ரீ பிரகாசா செய்ததோ வேறு. 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை அவர் மேல்சபைக்கு நியமித்து, மந்திரி சபை அமைக்க அழைத்தார். அதனால் விளைந்த நன்மை தீமைகளைப் பற்றி இன்றும் விவாதம் செய்யலாம். ஆனால் ஜனங்கள் குழப்பமாகப் பதில் சொன்னபோது அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

* * *

இனி அருப்புக்கோட்டையின் சொந்தக் கதைக்கு வருவோம். 1976 ஜனவரி 31ந் தேதி, கவர்னர் கே. கே. ஷாவின் அறிக்கையின் பேரில் கருணாநிதி மந்திரி சபையை டில்லி நீக்கியது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஜனாதிபதி ஆட்சி. அதற்குள் ஷா போனார், ராஜஸ்தானத்தின் முன்னாள் முதல் மந்திரி சுகாடியா வந்தார், அவரும் போனார், 1977 ஏப்ரலில் பிரபுதாஸ் பட்வாரி வந்தார். ஜூன் மாதத் தேர்தலில் எம். ஜி. ராமச்சந்திரன் நின்ற தொகுதி அருப்புக்கோட்டை. கரிசல் காட்டு ஜனங்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஜூன் 30ந் தேதி அவர் முதல் மந்திரியானார். வறண்ட சீமையின் பிரதிநிதி ராஜ்யத்துக்கே தலைவர் ஆனது அந்த ஊர்க்காரருக்கு எத்தனை பெருமையாக இருந்திருக்கும்!

அந்தப் பெருமைக்கு ஆயுள் மூன்று வருஷம்கூட இல்லை. டில்லியில் ஜனதா சர்க்கார் 1977இல் ஒன்பது ராஜ்யங்களின் சட்டசபைகளைக் கலைத்திருந்தது. 1980இல் காங்கிரஸ் திரும்பி வந்ததும் அதுவும் அதே கணக்காக ஒன்பதைக் கலைத்தது. 1980 பிப்ரவரி 17ந் தேதி தமிழ்நாடு மந்திரி சபையும் போயிற்று. அருப்புக்கோட்டையார் போட்ட வோட்டு ஒரு பிரகடனத்தால் அடித்துச் செல்லப்பட்டது. அந்த மந்திரி சபைக்குச் சட்டசபையில் பலம் இருந்ததா என்று சட்டசபையை யாரும் கேட்கவில்லை. மே மாதத்தில் மறுபடி தேர்தல் நடந்தது. எம். ஜி. ஆர். இந்தத் தடவை மதுரை மேற்கில் நின்று வென்று, ஜூன் மாதம் திரும்ப முதல் மந்திரியானார். ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை அத்துடன் முடியவில்லை. 1980 அக்டோபரில் கவர்னர் பட்வாரியையே டில்லி நீக்கிவிட்டது. முந்தைய சர்க்கார் நியமித்தவர் அல்லவா? அவரை நியமித்தபோதும் தமிழ்நாட்டாரைக் கேட்கவில்லை, நீக்கியபோதும் கேட்கவில்லை. முதல் மந்திரி நீக்கப்பட்டால் ஜனங்களிடம் போய் முறையிட்டுத் திரும்பி வரலாம். கவர்னர் எங்கே போய் முறையிடுவது? ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவருக்கு, ஜனங்களின் துணையும் இல்லாமற் போகிறது. இந்த ஏற்பாட்டில் நஷ்டப்படுகிறவர் குடியானவர் மட்டும் அல்ல, கவர்னரும்தான்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி 1991. ஜனவரி மாதத்தில் கருணாநிதி மந்திரி சபையை நீக்க டில்லி விரும்பியது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கு வேண்டிய அறிக்கை அனுப்ப மறுத்தார். என்ன ஆயிற்று? 356ஆம் ஷரத்தில் கவர்னரின் அறிக்கையின் பேரிலோ 'அல்லது வேறு விதமாகவோ' என்று ஒரு சொற்றொடர் உண்டு. அந்தச் சந்து வழியாக மந்திரி சபை போயிற்று. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் ராஜிநாமா செய்துவிட்டார். நீர்ப்பாய்ச்சி நியாயத்தில் நின்றார். மடையை வேறொருவர் திறந்துவிட்டார்.

* * *

கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சில வாசகர்கள் சொல்லக்கூடும். அவர்கள் மெக்ஸிகோ தேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ராஜ்யந்தோறும் கவர்னரை ஜனங்கள் ஆறு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்முடைய முதல் மந்திரியின் வேலையையும் சேர்த்துச் செய்கிறவர் அவர். ஒரு முறை தேர்தலில் வென்று ஆண்டவர் மறுமுறை அந்தப் பதவிக்கு வரக்கூடாது. போர்பிரியோ தியாஸ் என்பவர் சுமார் முப்பது வருஷம் ஜனாதிபதியாக இருந்து, தமக்கு வேண்டியவர்களையே ராஜ்யங்களில் கவர்னர்களாக வைத்திருந்தார். அதனால் கொதித்த ஜனங்கள் 1910இல் புரட்சி செய்தார்கள். 'உண்மையான வோட்டு வேண்டும், மறு தேர்தல் கூடாது' என்பது அந்தப் புரட்சியின் கோஷம். அத்தனை ரத்தம் சிந்திய பிறகும், 1917ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. ஒரு ராஜ்யத்தில் அதிகாரங்கள் 'மறைந்துவிட்டன' என்று செனட் சபை அறிவித்தால், தற்காலிகக் கவர்னர் ஒருவரை அதுவே வைக்கலாம். அந்த ஷரத்தைக் கொண்டு தலைநகரத்துக்குப் பிடிக்காத கவர்னர்களைப் பல முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். நமது 356க்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆகவே தேர்தல் ஒன்றே மருந்து அல்ல. தலைநகரத்தின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

அந்த எல்லையைப் பற்றி நம்மவர்கள் யோசிக்காமல் இல்லை. 1969இல் தமிழ்நாடு சர்க்கார் அமைத்த கமிட்டிக்குத் தலைவர், தாமே சில மாதம் கவர்னர் நாற்காலியில் இருந்த ராஜமன்னார். ராஜ்ய மந்திரி சபையைக் கலந்துகொண்டே கவர்னரை நியமிக்க வேண்டும், இரண்டாம் முறை பதவி கூடாது என்று அந்தக் கமிட்டி 1971இல் சொல்லிற்று. 1988இல் சர்க்காரியா கமிஷன், முதல் மந்திரியைக் கலந்துகொள்ள வேண்டும், அண்மைக் காலத்துக் கட்சி அரசியலில் மூழ்கியிருந்தவர் வேண்டாம் என்றது. 1994இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட், மந்திரி சபைக்குப் பலம் உண்டா என்பதைச் சட்டசபையில்தான் பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. 2010இல் அதே கோர்ட், டில்லியில் ஆட்சி மாறிற்று என்ற ஒரே காரணத்துக்காகக் கவர்னரை நீக்கக்கூடாது என்றது. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றிய பத்து மசோதாக்களைக் கவர்னர் நிறுத்தி வைத்த வழக்கில், அவை சம்மதம் பெற்றனவாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதே வருஷம் நவம்பரில் ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் சொன்ன அபிப்பிராயம், கவர்னருக்குக் கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, ஆனால் காரணமின்றி நெடுங்காலம் சும்மா இருந்தால் கோர்ட் ஓரளவு தலையிடலாம் என்பது. கமிட்டியும் கமிஷனும் கோர்ட்டும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. சிபாரிசுகள் பெரும்பாலும் அலமாரியில் இருக்கின்றன. டில்லியில் எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கிறதோ அதற்கு அந்த அலமாரியின் சாவி ஞாபகம் வருகிறது. பதவிக்கு வந்ததும் சாவி தொலைந்துவிடுகிறது.

நமது அபிப்பிராயம் இதுதான். கவர்னர் வெளியூர்க்காரராக இருப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நிலமில்லாத நீர்ப்பாய்ச்சி நல்லதே. ஆனால் அவரை வைக்கும்போது ஊராரைக் கேட்க வேண்டும். அவருடைய ஐந்து வருஷத்தைக் காரணம் சொல்லாமல் குறைக்கக்கூடாது. மசோதாவை நிறுத்தினால் இன்ன காரணம் என்று ஜனங்களுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் டில்லிக்குப் பயப்படவும் வேண்டாம், சென்னைக்குத் தலையாட்டவும் வேண்டாம். பிரமாணத்தில் சொன்ன ஜனங்களை நினைத்தால் போதும்.

கவர்னர்களின் ஜாபிதாவைப் பிள்ளைகள் தொடர்ந்து படிக்கட்டும், ஆட்சேபம் இல்லை. அதோடு, இவர் ஏன் வந்தார், ஏன் போனார், அப்போது யாரைக் கேட்டார்கள் என்ற மூன்று கேள்வியையும் பெற்றோர் கற்றுக்கொடுக்கட்டும். அருப்புக்கோட்டைக் கரிசலில் அடுத்த மழைக்கும் கண்மாய் நிரம்பும். தேர்தல் நாளில் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். நீரை வீணாக்காமல் காப்பது எவ்வளவு அவசியமோ, அந்த வோட்டை வீணாக்காமல் காப்பதும் அவ்வளவு அவசியம்.